முன்னால் உள்ள எண்கள்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்ய நேர்ந்தது. ராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சியிருந்த சிற்றிதழ்க் கட்டுகள், மூடி தொலைந்த பித்தளைத் தூக்குவாளி, அப்பாவின் சைக்கிள் டைனமோ, இவற்றுக்கெல்லாம் பின்னால் சுவரோரமாக ஒரு காகிதச் சுருள் கிடந்தது. பிரித்ததும் ஓரங்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. எஸ்.டி.டி. கோடு அட்டவணை. சிவகாசியில் அச்சடித்தது. தலைப்பில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் விளம்பரம், கீழே நான்கு பத்திகளில் ஊர்ப் பெயர்களும் எண்களும். பசை காய்ந்து பழுப்பேறிய மூலைகள். ஏணிப்படியிலேயே உட்கார்ந்து அதைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். மேலே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அம்மா கீழேயிருந்து இரண்டு தடவை கேட்டதாக நினைவு.

ப்ளஸ் டூ முடித்த ஆண்டு, நினைத்த படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் சும்மா போய்விடக் கூடாதே என்று அப்பா, தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் எஸ்.டி.டி. பூத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், 1990களின் முதற்பாதியில். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு சிறிய மின்விசிறி, வெளியே என் மேசை மீது சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் 'கிர்ர்' என்று பில்லைத் துப்பும் பெட்டி. கூண்டுக்குள் போகிறவர்கள் தூரத்துக்குத் தக்கபடி குரலை உயர்த்துவார்கள். திருநெல்வேலிக்குப் பேசுகிறவர் ஓரளவுக்கு, சென்னைக்குப் பேசுகிறவர் அதைவிடக் கூடுதலாக, பம்பாய் என்றால் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் குடும்ப விவகாரம் தெரிந்துவிடும். கம்பியின் வழியே குரல் நடந்துதான் போகிறது என்பது போன்ற ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை முழு மூடத்தனம் என்று சொல்ல முடியாது. தூரத்துக்கு அன்று விலை இருந்தது. எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் பேசுகிறோமோ அத்தனை வேகமாக மீட்டர் ஓடும். இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால், ஊரடங்கிய நேரத்தில்தான் எங்கள் பூத்தில் கூட்டம் நிற்கும்.

மதிய வேளைகளில் ஈ ஓட்டுவதைத் தவிர வேலை இருக்காது. ஒன்று, நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவல். இல்லாவிட்டால் கூண்டின் கண்ணாடியில் ஒட்டியிருந்த இந்த அட்டவணை. இரண்டு மாதத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. அண்ணாச்சி ஊர்ப் பெயரைச் சொல்லுவார், நான் எண்ணைச் சொல்லுவேன். பிறகு தலைகீழாக, அவர் எண்ணைச் சொல்ல நான் ஊரைச் சொல்லுவேன். இப்படி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். இந்த எண்கள் குலுக்கல் சீட்டில் விழுந்தவை அல்ல. இவற்றுக்குக் குடும்பம் இருக்கிறது.

கோவில்பட்டி 04632. தென்காசி 04633. அம்பாசமுத்திரம் 04634. நாங்குநேரி 04635. சங்கரன்கோவில் 04636. விளாத்திகுளம் 04638. திருச்செந்தூர் 04639. பக்கத்திலேயே தலைப்பிள்ளை போலத் திருநெல்வேலி 0462. படித்துக்கொண்டே போனால் பழைய, பிரிக்கப்படாத நெல்லைச் சீமையின் தாலுகாக்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் பிரிந்தது. கோவில்பட்டியும் விளாத்திகுளமும் திருச்செந்தூரும் அதற்குப் போயின. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகி, சங்கரன்கோவிலையும் கூட்டிக்கொண்டு போனது. ஆட்சியர் அலுவலகங்கள் மாறின, வாகனப் பதிவெண்கள் மாறின. தொலைபேசிக் குறியீட்டில் மட்டும் யாரும் யாரையும் விட்டுப் பிரியவில்லை. எல்லோரும் 463 என்ற ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து 1956-இல் நம்மிடம் வந்த ஊர். அதுவும் சமர்த்தாகத் தென்காசியின் 04633-க்குள் அடங்கியிருக்கிறது.

இராமநாதபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாவட்டம் 1985-இல் மூன்றாக உடைந்தது. விருதுநகர் 04562, ராஜபாளையம் 04563, பரமக்குடி 04564, காரைக்குடி 04565, அருப்புக்கோட்டை 04566, இராமநாதபுரம் 04567. இன்று மூன்று மாவட்டங்களில் இருக்கும் ஊர்கள் வரிசை கலையாமல் பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது காரைக்கால். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். இன்றும் தமிழ்நாட்டு நிர்வாகத்துக்குள் வராத ஊர். ஆனால் தொலைபேசித் துறை அந்த வம்புக்கெல்லாம் போகவில்லை. தஞ்சாவூர் 04362, மயிலாடுதுறை 04364, நாகப்பட்டினம் 04365, திருவாரூர் 04366, மன்னார்குடி 04367, காரைக்கால் 04368. பழைய தஞ்சை ஜில்லாவின் இன்னொரு தாலுகாவாகவே அதைச் சேர்த்து எண்ணிவிட்டார்கள். புதுச்சேரிக்கு 0413 தனியாக உண்டு. அதன் மற்ற இரண்டு துண்டுகளில் மாஹே, தலைச்சேரியோடு 0490-இல் இருக்கிறது. ஏனாம், காக்கிநாடாவோடு 0884-இல் இருக்கிறது. அரசியல் வரைபடத்தில் ஒரே ஆட்சிப் பகுதி. தொலைபேசி வரைபடத்தில் நான்கு ஊர்களும் அவரவர் பக்கத்து வீட்டாரோடு. எந்த வரைபடம் உண்மைக்கு நெருக்கமானது என்று கேட்டால், காரைக்காலிலிருந்து திருமண அழைப்பிதழ்கள் அதிகமாகப் போகும் திசையைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

இதில் உணர்ச்சிக்கு இடம் எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம். இந்தக் குறியீடுகளை உண்டாக்கியது கணக்குப் பிள்ளையின் மூளை. ஒருவர் பேசினால் எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்பதற்காக நாட்டைக் கூறு போட்டார்கள். பெரும்பாலும் ஒரு தாலுகாவின் அளவுள்ள சிறிய கூறுக்குக் குறுந்தூரக் கட்டணப் பகுதி என்று பெயர். நாடு முழுவதும் அப்படி 2,600-க்கு மேல் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டிய பெரிய மூட்டைகள், நெடுந்தூரக் கட்டணப் பகுதிகள், முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மையம், மையத்துக்கும் மையத்துக்கும் நேர்கோட்டில் எத்தனை கிலோமீட்டரோ அதை வைத்துக் கட்டணம். தாலுகா எல்லையில் ஓடை இருந்தால், ஓடைக்கு அந்தப் பக்கத்து மாமியார் வீடு கோடு போட்டுப் பேச வேண்டிய வெளியூர் ஆகிவிடும். இந்தப் பக்கம் இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர் உள்ளூர் ஆகிவிடும். கூறு போட்டபோது தாலுகாக்கள் எப்படி இருந்தனவோ அப்படியே உறைந்துவிட்டன. இராமநாதபுரமும் தஞ்சையும் அட்டவணையில் உடையாமல் இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

எண்களை வழங்கிய விதம் ஒரு மரத்தைப் போன்றது. இந்தியாவில் ஆள் துணையின்றி நேரடியாகச் சுழற்றிப் பேசும் வசதி முதன்முதலில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960-இல் வந்தது. அதுவரை டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டருக்கு ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். இயந்திரத்துக்குப் பெயர் தெரியாது, எண் வேண்டும். ஆகவே திசைக்கு ஓர் எண். டெல்லியும் அதைச் சுற்றிய வடக்கும் 1, மேற்கு 2, கிழக்கு 3, தமிழ்நாடும் கேரளமும் 4, உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதி 5, பீகாரும் ஒரிசாவும் 6, மத்தியப் பிரதேசம் 7, ஆந்திரமும் கர்நாடகமும் கோவாவும் 8. நான்கு பெருநகரங்களுக்கும் அவரவர் திசையெண்ணையே இரட்டித்துக் கொடுத்தார்கள். 11, 22, 33, 44. (நாகபுரி மகாராஷ்டிரத்தில் இருந்தாலும் 0712 என்று ஏழில் தொடங்கும். 1956 வரை அது மத்தியப் பிரதேசத்தின் தலைநகராக இருந்த ஊர். உறைந்த வரைபடத்தை அங்கேயும் பார்க்கலாம்.) நான்காம் வீட்டுக்குள் 41 முதல் 46 வரை நமக்கு, 47, 48, 49 மலையாளிகளுக்கு. முன்னால் போடும் பூஜ்யம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. 'வெளியூர் போகிறேன், கதவைத் திற' என்று நிலையத்துக்குச் சொல்லும் சொல் அது.

நிலையம் எண்களை ஒவ்வொன்றாகத்தான் கேட்கிறது. 4 என்றதும் தெற்கே திரும்புகிறது, 46 என்றதும் நெல்லைப் பக்கம், 4632 என்றதும் எங்கள் ஊர். இந்த முறைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஓர் ஊரின் குறியீடு இன்னோர் ஊரின் குறியீட்டுக்குத் தொடக்கமாக அமையக் கூடாது. சென்னைக்கு 44 என்று கொடுத்தாயிற்றென்றால் 440 முதல் 449 வரை வேறு யாருக்கும் கிடையாது. கொடுத்தால், அந்த இரண்டாவது நான்கோடு முடித்துக்கொள்வதா, இன்னும் ஓர் எண் வரும் என்று காத்திருப்பதா என்று இயந்திரம் திகைத்துப்போகும். ஒரு பெரிய ஊருக்குக் குட்டையான குறியீடு கொடுப்பதென்றால், பத்துச் சிறிய ஊர்களுக்கான இடத்தை எடுத்துக் கொடுப்பதாக அர்த்தம்.

பெரிய ஊருக்கு ஏன் குட்டையாகக் கொடுக்க வேண்டும்? மொத்தம் பத்து இலக்கம் என்பது எழுதப்பட்ட தலைவிதி. குறியீட்டுக்கு இரண்டு போனால் உள்ளூருக்கு எட்டு மிஞ்சும். கோவை 422, மிச்சம் ஏழு. கோவில்பட்டி 4632, எங்களுக்கு ஆறு. எத்தனை வீடுகளில் தொலைபேசி மணி அடிக்கும் என்று அரசாங்கம் எதிர்பார்த்ததோ அதன் தலைகீழ் விகிதத்தில் குறியீட்டின் நீளம். நீளமான எண்ணுக்குச் சொந்தக்காரர்கள் சின்ன ஊர்க்காரர்கள். எட்டயபுரமும் இடைசெவலும் எங்கள் 04632-க்குள் வருபவை. அந்த வகையில், கி. ராஜநாராயணன் ஐந்து எண் ஊரிலிருந்து நான்கு எண் ஊரான புதுச்சேரிக்குக் குடிபோனவர் என்றும் சொல்லலாம். (இலக்கிய விமர்சனத்தில் இதற்கு மதிப்பு ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

எண்கள் தீர்ந்துபோகும்போதுதான் நிர்வாகம் என்பதன் உண்மையான முகம் தெரிகிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் 416 எண்ணைப் பற்றிப் பூர்விகச் சொத்தைப் போலப் பேசுவார். (வேலூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். பூஜ்யத்தைத் தள்ளிவிட்டால் அவர்களுடையதும் 416தான்.) வட அமெரிக்காவில் 1947-இல் 86 குறியீடுகள் வகுத்தார்கள். சுழல் வட்டுத் தொலைபேசியின் காலம் அது. ஒன்றுக்கு ஒரு துடிப்பு, பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்பு. நியூயார்க்கின் 212 ஐந்தே துடிப்பில் முடிந்துவிடும். டொராண்டோவின் 416-க்குப் பதினொன்று. 1993-இல் எண்கள் போதாமல் புறநகர்களை வெட்டி எடுத்து 905 என்று வேறு குறியீடு கொடுத்தார்கள். ஒரு கோடு கிழித்ததில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் ஆனார்கள். 905 என்ற எண்ணே அங்கே புறநகர்வாசியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 2001-இல் நகரத்துக்குள்ளேயே மறுபடி பற்றாக்குறை வந்தபோது வெட்டாமல், அதே நிலத்தின் மேல் 647 என்று இன்னொரு குறியீட்டைப் போர்த்தினார்கள். யாருடைய எண்ணும் மாறவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்குப் பேசவும் பத்து எண்களைப் போட வேண்டும். ஒரு வழியில் சிலருக்குப் பெரிய நஷ்டம், மறு வழியில் எல்லோருக்கும் சின்னத் தொந்தரவு. நண்பரின் மகன் 647-காரன். வீட்டில் அதைச் சொல்லியே கேலி செய்வார்களாம்.

நம் ஊரில் மூன்றாவது வழியைப் பிடித்தார்கள். குறியீட்டைக் குறுக்கி, மிச்சமாகும் இலக்கத்தை உள்ளூர் எண்ணின் முன்னால் கொண்டுபோய் ஒட்டுவது. புனே 0212-இலிருந்து 020 ஆனது. அகமதாபாத் 0272-இலிருந்து 079. ஹைதராபாத் 0842-இலிருந்து 040, எட்டாம் வீட்டிலிருந்து எங்கள் நான்காம் வீட்டுக்கே வந்துவிட்டது. பெங்களூர் 0812-இலிருந்து 080 ஆனது. காஞ்சிபுரத்துக்கு 04112 என்று தனியாக இருந்ததைச் சென்னையின் 044 விழுங்கியது. பட்டுப்புடவைக் கடைகளின் பெயர்ப் பலகைகளில் பழைய எண் வெகு காலம் இருந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை ஓட்டமாகவே சொல்லிவிடலாம். 2000களின் தொடக்கத்தில் அரசுத் தொலைபேசிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் 2 வந்து உட்கார்ந்தது. தனியாருக்கு வேறு இலக்கங்கள். பூஜ்யத்துக்குப் பதில் 95 போட்டால் பக்கத்து ஊர்களுக்குக் குறைந்த கட்டணம் என்று ஒன்று வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. 2006 மார்ச்சில், இந்தியாவின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று பி.எஸ்.என்.எல். ஒரு திட்டம் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் எஸ்.டி.டி. கோடு செத்தது அன்றைக்குத்தான். தூரத்துக்கு விலை இல்லையென்றால் தூரத்தைக் குறிக்கும் எண்ணுக்கு என்ன வேலை?

2003-இல் போட்ட எண் திட்டம் 2030 வரை தாங்கும் என்று கணக்கிட்டார்கள். எழுபத்தைந்து கோடி இணைப்புகளுக்கான திட்டம் அது. 2010 முடிவதற்குள்ளேயே இணைப்புகள் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன. செல்பேசிகள் ஒன்பதைத் தின்று, எட்டைத் தின்று, ஏழைத் தின்று, ஆறுக்கு வந்தன. 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து செல்பேசிக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த ஒரு பூஜ்யத்தால் ஏறத்தாழ 250 கோடிப் புதிய எண்களுக்கு வழி கிடைக்கும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் ட்ராய் இன்னொரு பரிந்துரையைச் செய்தது. தாலுகாவாரியான குறியீடு இனி வேண்டாம், மாநில அளவிலான உரிமப் பகுதி முழுவதற்கும் ஒரே பத்து இலக்க முறை போதும், எதிர்வீட்டுக்குப் பேசினாலும் 0-வும் கோடும் சேர்த்தே போட வேண்டும் என்று. இப்போது கையிலிருக்கும் எண்கள் மாறாது. குறியீட்டுக்கும் தாலுகாவுக்கும் இருந்த முடிச்சுதான் அவிழும். காரணம் நியாயமானது. ஆளில்லாத தாலுகாக்களில் லட்சக்கணக்கான எண்கள் பூட்டிய வீடுகளைப் போலச் சும்மா கிடக்க, வேறு இடங்களில் எண் போதவில்லை. நான் அதிகாரியாக இருந்திருந்தாலும் இதையேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பெங்களூரைப் பற்றி மேலே ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டேன். கடந்துபோகக் கூடாத வரி அது.

*

எங்கள் பூத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அம்மா வருவார். ஐம்பது வயதிருக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஃபோன். மகன் பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். அவன் குடியிருந்த வீட்டுக்காரருடைய எண், பி.பி. நம்பர். தீப்பெட்டி லேபிள் ஒன்றின் பின்பக்கத்தில் 0812 என்று தொடங்கி எழுதியிருக்கும். நான்காக மடித்து முந்தியில் முடிந்திருப்பார். எனக்கு அந்த எண் மனப்பாடம் என்றாலும், ஒவ்வொரு தடவையும் அந்த லேபிளைப் பிரித்து மேசை மேல் வைத்த பிறகுதான் போட வேண்டும். முதலில் ஒரு கால், கூப்பிட்டுவிடச் சொல்லி. பத்து நிமிடம் கழித்து இன்னொரு கால், மகனோடு பேச. இரண்டுக்கும் காசு. கூண்டுக்குள் போய் ரிசீவரைப் பிடித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, 'எய்யா, சாப்பிட்டியா?' அதற்குப் பதில் வருவதற்குள் மீட்டரில் ஒரு துடிப்பு ஏறியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் போகவில்லை. பதிவு செய்த குரல் ஒன்று முதலில் கன்னடத்தில் ஏதோ சொன்னது. பிறகு இரைச்சலுக்கு நடுவே இந்தி, ஆங்கிலம். எண்ணைச் சரிபார்க்கவும் என்பது மட்டும் புரிந்தது. 'லைன் கெடைக்கல பெரியம்மா, அடுத்த வாரம் பாப்போம்' என்றேன். அடுத்த வாரமும் அதே குரல். மூன்றாவது வாரம் ஐந்தாறு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, 'அந்த நம்பரே இல்லைன்னு சொல்லுது பெரியம்மா' என்று சொன்னேன்.

'இல்லைன்னா? வீட்டக் காலி பண்ணிட்டாங்களாய்யா?'

'தெரியலையே.'

அவர் லேபிளை எடுத்து மடித்தார். வழக்கத்தைவிட மெதுவாக. 'போன்லதான இல்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கடலைமிட்டாய் வியாபாரி வந்து பெங்களூருக்குப் போடச் சொன்னார். நான் 0812-ஐ அழுத்தத் தொடங்கியதும், 'தம்பி, எந்த உலகத்துல இருக்க? இப்ப 080 ல்லா? நம்பருக்கு முன்னாடியும் ஒண்ணு சேர்த்திருக்கான்' என்றார். போட்டேன். ஒரே தடவையில் மணி அடித்தது. அவர் பேசி முடிக்கும் வரை என் கை பில் பெட்டியின் மேலேயே இருந்தது. அவர் போன பிறகு மேசை இழுப்பறையைத் துழாவினேன். பில் ரோல்களுக்கு அடியில், அண்ணாச்சி செய்தித்தாளிலிருந்து வெட்டி வைத்த அறிவிப்பு இருந்தது. பெங்களூர்க் குறியீடு மாறுகிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 'இதப் பாத்துக்கோடே' என்று அவர் சொல்லி என்னிடம் கொடுத்ததும், 'சரி அண்ணாச்சி' என்று நான் வாங்கிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. கையில் அப்போது ஏதோ நாவல் இருந்தது. எந்த நாவல் என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அந்த அம்மா இருந்த தெரு எனக்குத் தெரியும். சைக்கிளில் போனால் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை வருவார்தானே, சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. மழை பெய்யவில்லை, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பூத்தில் கூட்டமும் இல்லை.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தார். காதுகளில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க, மருந்து தோய்க்காத தீக்குச்சியை ஒடித்து இரண்டு காதிலும் செருகியிருந்தார். அந்த வியாழக்கிழமை ராத்திரியே கம்மலை அடகு வைத்துவிட்டு, மதுரை போய் பெங்களூர் பஸ் ஏறியிருக்கிறார். பாஷை தெரியாத ஊரில், யாரோ எழுதிக் கொடுத்த விலாசத்தைக் காட்டிக் காட்டி, ஒரு பகல் முழுவதும் நடந்து, சாயங்காலம் பட்டறையைக் கண்டுபிடித்திருக்கிறார். மகன் எங்கேயும் போய்விடவில்லை. அதே வீடு, அதே வேலை. நாலு வாரமாக அம்மாவின் ஃபோன் வரவில்லையே என்று வீட்டுக்காரரின் ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம்.

'பழைய நம்பர் அப்பிடியேதான் இருக்காம் எய்யா. முன்னால உள்ளதத்தான் மாத்திப்புட்டாங்களாம்' என்று முந்தியை அவிழ்த்து ஒரு புதிய லேபிளை எடுத்து வைத்தார். அதில் 080 என்று மகனின் கையெழுத்து. பிறகு சொன்னார், 'நீயும் பாவம், எத்தன தடவ போட்டுப் போட்டுப் பாத்த.'

எதையாவது சொல்லியிருக்கலாம். எண்களை அழுத்தினேன். மணி அடித்தது. அவர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, 'எய்யா, சாப்பிட்டியா?' என்று கேட்டது வெளியில் கேட்டது. அன்றைக்கும் இரண்டு காலுக்கும் பில் போட்டுக் காசு வாங்கினேன்.

அடுத்த ஜூலையில் கல்லூரிக்கு இடம் கிடைத்துப் போய்விட்டேன். பூத் இருந்த இடத்தில் பிறகு செல்பேசி ரீசார்ஜ் கடை வந்தது. இப்போது ஜூஸ் கடை. மூடும்போது அண்ணாச்சிதான் இந்த அட்டவணையைப் பிய்த்துச் சுருட்டி, 'உனக்குத்தாம்டே இதுல பிரியம்' என்று அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அன்று வாங்கிப் பரணில் போட்டதோடு சரி, பிரித்துப் பார்த்ததில்லை.

ஏணிப்படியில் உட்கார்ந்து மூன்றாவது பத்தியில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். பெங்களூருக்கு நேராக 0812 அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நீல மையில் 080. என் கையெழுத்துதான். அந்த வயதில் எதற்கும் தேதி போடும் பழக்கம் எனக்கு உண்டு. இதற்கும் சின்னதாகப் போட்டு வைத்திருக்கிறேன். நாட்காட்டியைத் தேடிப் பார்க்கத் தேவையில்லாமல் பக்கத்திலேயே கிழமையும் எழுதியிருக்கிறது, செவ்வாய்.